கம்பியில் சிக்கிய மாத்திரை

சிதம்பரத்துக்குத் திரும்பும் வழியில், கடலூர் முதுநகரைத் தாண்டிப் பேருந்தை விட்டு இறங்குகிறேன். என் மனைவியின் தம்பி செல்வம் இங்கே சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் சூப்பர்வைசர். வா வா என்று நச்சரித்ததால் வந்திருக்கிறேன்.

ஊர்ச் சாக்கடை உள்ளே நுழையும் இடத்தில் இரும்புக் கம்பித் தடுப்பு. அதில் சிக்கியதையெல்லாம் வாரிக் கரையில் குவித்திருக்கிறார்கள். குவியல் வெயிலில் வெள்ளியாக மின்னுகிறது. முக்கால்வாசி காலி மாத்திரை அட்டைகள்.

“நாம சாப்பிடுற மாத்திரை மூத்திரத்துல கலந்து இந்தத் தண்ணியிலதான் வருதாமே, அத எப்படிப்பா எடுக்குறீங்க?” என்று கேட்கிறேன்.

செல்வம் நெஞ்சை நிமிர்த்திக் குவியலைக் காட்டுகிறான். “பாருங்க மாமா, எவ்ளோ புடிச்சிருக்கோம்! இந்தக் கம்பியத் தாண்டி ஒரு அட்டகூட உள்ள போவாது.”

திருடனை விட்டுவிட்டு, அவன் கழற்றிப் போட்ட சட்டையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மாலை போடாததுதான் குறை.

மறுமுனையில் தண்ணீர் தெளிவாக இறங்கி, பக்கத்துக் கீரைப் பாத்திகளுக்குப் பாய்கிறது. அங்கே பறித்த இரண்டு கட்டுக் கீரையை என் கையில் திணிக்கிறான். “அக்காகிட்ட குடுங்க. கடையில இப்படிக் கெடைக்காது.”

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, அதிலிருந்த கடைசி சர்க்கரை மாத்திரையைப் பிதுக்கி விழுங்குகிறான். காலி அட்டையைக் குவியல் மேல் வீசிவிட்டுச் சிரிக்கிறான்.

“இதுக்குக் கம்பிகூடத் தேவையில்ல மாமா. நேரா புடிச்சாச்சு.”