குடல்வாலுக்குப் போட்ட கூத்து

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஐந்து, செத்துப்போன நாத்தனாரின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கு வயிறு வலித்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். குடல் ஏறிவிட்டது என்பார்கள். விளக்கெண்ணெய் தொட்டு நீவிவிடுவேன். பிள்ளை எழுந்து ஓடிவிடும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

போன வருஷம் மகள் வயிற்றுப் பேத்தி, பத்து வயது, தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். மறுநாள் காலையில் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. இட்லியைப் பார்த்தாலே ஓங்கரித்தாள், உடம்பும் சுட்டது. எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். விரல் பட்டதும் வயிறு பலகை மாதிரி விறைத்தது. ஏறின குடல் இப்படி விறைக்காது. கையை எடுத்துவிட்டேன்.

"என்னம்மா, நீவலையா?" என்றாள் மகள்.

"இது நம்ம கைக்கு அடங்குற வலி இல்லடி. ஆட்டோவைக் கூப்பிடு."

ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயதுக்காரர். கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொக்கு மாதிரிக் கால் எடுத்து வைப்பார். பேத்தியை ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். ஒரே குதி, அப்படியே மடங்கிவிட்டாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள்.

"குடல்வால் வீங்கியிருக்கு. கிழியலை, உள்ளே அடைப்பும் இல்லை. அதனால ஊசி மருந்துலயே பார்க்கலாம். நாளைக் காலைக்குள்ள வலி குறையலைன்னா ஆபரேஷன்தான்" என்றவர், என் கை எண்ணெயைப் பார்த்துவிட்டார். "பாட்டி, நீவினீங்களா?"

"தொட்டேன், விட்டுட்டேன்."

"விட்டதுதான் நல்லது. நீவியிருந்தா கிழிஞ்சாலும் கிழிஞ்சிருக்கும்."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், யார் கேட்டாலும் பேத்தி, "வலியே இல்லையே" என்றாள். நர்ஸ் அமுக்கும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இளித்தாள். மகள் அதை நம்பிப் பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் நம்பவில்லை. கால் பெருவிரல் சுருண்டுகொண்டல்லவா இருந்தது! இவள் மறைத்து, உள்ளே கிழிந்துபோனால் யாருக்குத் தெரியும்?

பிள்ளைகள் அழுகையை அடக்குவார்கள். சிரிப்பை அடக்க மாட்டார்கள். ஏழு பேரிடம் நான் படித்த படிப்பு அது.

சாயங்காலம் என் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினேன். கையைப் பின்னால் கட்டினேன். கட்டிலைச் சுற்றிக் கொக்கு நடை நடந்து, "குதி பாப்பா, குதி" என்றேன்.

"ஐயோ அம்மாச்சி, வேணாம்!" குபீரென்று சிரித்தவள், வலப்பக்க வயிற்றைப் பொத்திக்கொண்டு சுருண்டாள்.

திரும்பினால் வாசலில் டாக்டர். தூக்கின காலை இறக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. பேத்தியின் கையைப் பார்த்தார்.

"வலியே இல்லைன்னு சொன்னது யாரு?"

"சொன்னா கிழிச்சிருவீங்க."

"இன்னும் நேரம் இருக்கு. நிஜத்தைச் சொன்னாத்தானே மருந்து கேட்குதான்னு எனக்குத் தெரியும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பாட்டி, காலையில இதே நடையை நடக்கணும். நானும் பார்ப்பேன்."

விடிந்ததும் வந்து நின்றார். பேத்திக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஆடுவது நான், அறுபடுவது அவள் வயிறாயிற்றே! இருந்தாலும் அவர் கண் முன்னாலேயே அவர் நடையை நடந்தேன். பேத்தி சிரித்தாள். இரண்டு கையும் வாய்க்குத்தான் போயின. வயிற்றுக்கு ஒன்றும் போகவில்லை. டாக்டர் அமுக்கிப் பார்த்தார், குதிக்கச் சொன்னார். குதித்துவிட்டு, "இட்லி எப்பத் தருவீங்க?" என்றாள்.

"ஆபரேஷன் வேண்டாம். ஆனா மறுபடி வந்தாலும் வரும். லேசா வலிச்சாலும் மறைக்காம ஓடி வரணும்" என்றார் டாக்டர். சில நாளில் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்.

மறைக்கிற கழுதைக்கு ஞாபகம் இருக்கட்டும் என்றுதான் எழுத்துக் கூட்டி இவ்வளவையும் எழுதினேன்.

"ஏடி, இங்க வா. இதைச் சத்தமா வாசிச்சுக் காட்டு. நீ பொய் சொன்ன இடத்தை மட்டும் முழுங்கிறாதே."