கழற்றி வைத்த பின்சுவர்

1. தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் தச்சராக இருந்த அப்பா காய்ச்சலில் இறந்தார்.
2. தச்சருக்கென்று தோட்டம் கொடுத்திருந்த இரண்டறை வீடு அடுத்த தச்சருக்குப் போனது.
3. ரம்பம், உளி, வேலை மேசை எல்லாம் தோட்டத்துச் சொத்து. அவையும் போயின.
4. நானும் அம்மாவும் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறைக்கு வந்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னல் இல்லை.
5. அடுப்புப் புகையில் அம்மாவுக்கு இருமல் பிடித்தது.
6. புது லயத்துக்காகப் பாதி செய்திருந்த சிறிய மாதிரியை நான் மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

ஆறாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பதுளை மிஷன் பள்ளியில் இரண்டு வருடம் அளவுப் படம் வரையக் கற்றிருந்தேன். மேல் மலையில் ஆறு அறைகளோடு புது லயம் கட்டத் தோட்டத்துத் துரை முடிவு செய்தபோது, கங்காணியாக இருந்த பெரியப்பா என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "படம் வேண்டாம், செய்து காட்டட்டும்" என்றாராம் துரை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வோர் அறையிலும் அடுப்புக்கு மேலே, பின்சுவரில், ஒரு ஜன்னல். புதிய லயத்தில் எங்களுக்கும் ஓர் அறை உண்டு என்று பெரியப்பா சொல்லியிருந்தார்.

பழைய வீட்டில் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று தொடங்கியிருந்தேன். அப்படியானால் ஆறு அறைகளுக்கு ஐந்தடி நீளம். லயத்து அறையில் அதை வைத்தால் அம்மா படுக்க இடமில்லை. ஓர் அடிக்குக் கால் அங்குலமாகக் குறைத்தேன். பதினைந்து அங்குலத்தில் முடிந்தது. டிரங்குப் பெட்டியின் மூடி மேசையானது.

ரம்பத்துக்குப் பதில் தேயிலைச் செடி வெட்டும், முனை ஒடிந்த கவ்வாத்துக் கத்தி. பலகைக்குப் பதில் உடைந்த தேயிலைப் பெட்டியின் சிம்புகள். பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளைச் சீப்பின் மேல் வைத்து ஆணியால் அழுத்தினால் தகரக் கூரையின் நெளிவு அப்படியே வந்தது. வச்சிரம் காய்ச்ச வழியில்லை, கஞ்சிப் பசைதான். முதல் தடவை கரப்பான் தின்றுவிட்டது. அடுத்த தடவை புகையிலை ஊறிய தண்ணீரில் காய்ச்சினேன். தின்னவில்லை.

நடுச் சுவர்களைப் பின்பக்கமாகத்தான் கைவிட்டு ஒட்ட முடியும். அதனால் பின்சுவரைக் கழற்றி மாட்டும்படி தனியாகச் செய்தேன். பதினைந்து அங்குலச் சட்டம், அதில் அரை அங்குலச் சதுரமாக ஆறு ஜன்னல்கள். மழைக்காலம். ஈரத்தில் வளையாமலிருக்க அடுப்புக்கு மேலே, விறகு காயும் பரணில் வைத்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஒருநாள் நான் கொழுந்தெடுத்துவிட்டு வந்தபோது டிரங்குப் பெட்டி வெறுமையாக இருந்தது.

"துரை இன்னிக்கே கேட்டாராம். பெரியப்பா வந்து தூக்கிட்டுப் போனாரு" என்றார் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு.

"பின்சுவர்?"

"எது?"

பரணைக் காட்டினேன்.

"அந்தச் சிம்பா? ஓட்டை ஓட்டையா இருந்துச்சே புள்ள. நீ வெட்டிக் கெடுத்ததுன்னு நெனச்சேன். வெறகெல்லாம் ஈரம். காலையில அதை வச்சுத்தான் பத்த வச்சேன்." சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

அன்று மாலையே மண்ணெண்ணெய்த் தகரத்தில் இன்னொரு பின்சுவர் வெட்டினேன். விடிந்ததும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெரியப்பாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"துரைக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு தாயி. உள்ளே எல்லாம் தெரியற மாதிரி பின்னாடி தெறந்து வச்சிருக்கா, புத்திசாலிப் புள்ளன்னாரு."

"அது சுவர் இல்லாததுனால தெரியுதுங்க பெரியப்பா. ஜன்னல் இந்தச் சுவர்லதான் இருக்கு."

"சரின்னு சொன்ன மனுசன்கிட்ட, தப்பாக் காட்டிட்டேன்னு நான் போய் நிக்கவா? பொகைக்குத்தான் கதவு இருக்குல்ல. பதுளையில படிச்சா மூக்கும் நீண்டுருமா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "கூடையை எடு."

எடுத்தேன்.

அம்மாவை நான் குறை சொன்னதில்லை. ஜன்னல் வைத்த சுவரை விறகோடு வைத்தவள் நான்தான். பெரியப்பாவைக் குறை சொல்கிறேன். கொத்தனார் பின்சுவருக்கு வர இரண்டு மாதம் ஆனது. அதில் ஒருநாள்கூட அவர் வாய் திறக்கவில்லை.

மாதிரி லயம் ஆபீசில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. புது லயத்தில் நாலாவது அறை எங்களுக்கு. பின்சுவர் முழுச்சுவர். தகரத் துண்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அம்மா இன்னும் இருமுகிறார்.