மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது

முடியை மருந்து போட்டு நேராக்குகிற ஸ்மூத்னிங் செய்துகொண்டால் மூன்று நாளைக்குத் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. முடியைக் கட்டக்கூடாது, காதுக்குப் பின்னால் செருகக்கூடாது, மடங்கவே விடக்கூடாது. மடங்கினால் மடங்கியபடியே நின்றுவிடும். இதையெல்லாம் திருவனந்தபுரத்தில், கோட்டைக்குள், சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரஹாரத்து வீட்டில், காலையில் தலைக்குக் குளிக்காதவளை ஒரு மாதிரியாகப் பார்க்கிற ஊரில் செய்ய வேண்டும். அதுவும் ஒருவருக்கும் தெரியாமல். நான் பதினாறு வருஷம் செய்தேன்.

எப்படி என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் பெண்கள் தூரமானால் மூன்று நாள் அடுக்களைப் பக்கம் போகக்கூடாது, சாமி அறையை எட்டிப் பார்க்கக்கூடாது. மாடி அறையில் இருந்துகொள்ள வேண்டும். நாலாம் நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரலாம். தெருவில் மற்ற மருமகள்கள் எல்லாரும் இந்த வழக்கத்தைத் திட்டுவார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். ஆனால் பார்லர்காரி சொல்கிற மூன்று நாளும் எங்கள் வீட்டு மூன்று நாளும் அப்படியே பொருந்தி வந்ததைப் பார்த்து, முதல் தடவை எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேரில் வளர்ந்த சுருட்டையை நேராக்க வேண்டும். ஆபீஸிலிருந்து மதியம் லீவு போட்டுவிட்டுத் தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குப் பக்கத்து மாடியில் இருக்கிற பார்லருக்குப் போவேன். எங்கள் தெரு மனிதர்கள் யாரும் ஏறமாட்டாத மாடி. சாயங்காலம் வீட்டு வாசலிலேயே நின்று, "நான் தூரம்" என்று சொல்லிவிட்டு நேராக மாடிக்குப் போய்விடுவேன். நிஜமானது சில சமயம் அடுத்த வாரம் வரும். அப்போது வாயை மூடிக்கொண்டு நைவேத்தியத்துக்குச் சாதம் வடிப்பேன். சாமி கண்ணைக் குத்திவிடும் என்று பயப்படுகிற வயதெல்லாம் தாண்டியாகிவிட்டது, ஆனாலும் சாமி படத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டேன்.

மாமியார் தேதியை விரல்விட்டு எண்ணுகிறவர். "போன தடவை இருபதாம் நாளே வந்துடுத்தேடீ. உடம்புல என்னமோ கோளாறு, கேட்டியா" என்று ஒருநாள் என்னை லேடி டாக்டரிடமே அழைத்துப் போய்விட்டார். டாக்டரிடம் என்ன சொல்வது? இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூன்று மாதம் விழுங்கினேன்.

என் முடி பிறவிச் சுருட்டை. அலையலையாக விழுகிற அழகுச் சுருட்டை இல்லை. இழுத்தால் முதுகு வரை நீண்டு, விட்டால் காதோரம் ஏறிக்கொள்கிற ரகம். திருநெல்வேலியில் பள்ளிக்கூடம் முழுக்க என்னைப் புதர் என்றுதான் கூப்பிட்டது. ஜாதகம் பொருந்தி, திருவனந்தபுரத்து வரன் போட்டோ கேட்டபோது அம்மா என்னை ஒரு பார்லருக்கு அழைத்துப்போய் ஐந்து மணி நேரம் உட்கார வைத்தாள். எழுந்தபோது முடி இடுப்புக்கு மேலே நேராகத் தொங்கியது. "கல்யாணம் ஆகட்டும், அப்பறம் மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றாள். பெண் பார்க்க வந்த மாமியார் முடியைப் பற்றி இரண்டு தரம் பேசினார். மெதுவாகச் சொல்லிக்கொள்கிற அந்த நாள் வரவே இல்லை. முதல் வருஷம் சொல்லப் பயம். இரண்டாம் வருஷம், முதல் வருஷமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம்.

பிறகு மகள் பிறந்தாள். முதல் மொட்டை அடித்து மூன்றாம் மாதம் தலை பூராவும் சின்னச் சின்ன வளையங்களாக முளைத்தது. வீடே கூடி நின்று பார்த்தது. "இது யாரைக் கொண்டிருக்கு? நம்மாத்துல யாருக்குமே இப்படி இல்லையே" என்று மாமியார் அதிசயப்பட்டார். என்னைப் பார்த்தார், என் முதுகில் தொங்குகிற நேர்முடியைப் பார்த்தார், அங்கே ஒன்றும் கிடைக்காது என்று தன் பக்கத்து உறவுகளுக்குள் தேடப் போய்விட்டார். பீரோவிலிருந்து பழைய போட்டோக்கள் வந்தன. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல், நானும் குனிந்து தேடினேன். அதுதான் நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது. என் கணவரின் அத்தை ஒருத்தி, சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தவள், ஒரு போட்டோவின் ஓரத்தில் நின்றிருந்தாள். நெற்றியில் இரண்டு மயிர் கலைந்து கிடந்தது. "இதோ, இவாளைக் கொண்டிருக்கோ என்னமோ" என்று விரல் வைத்துக் காட்டினேன். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

மகள் அந்த அத்தைப்பாட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். அவா எப்படிப் பின்னிண்டா, அவாளுக்கும் சிக்கு விழுமா, அவா அழுவாளா? வீட்டில் எல்லாருக்கும் நேர்முடி. பள்ளிக்கூடத்தில் மலையாளப் பிள்ளைகள் குளித்த ஈரத்தோடு முடியைத் தழைய விட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்லிசாக ஒரு கற்றை எடுத்துக் குளிப்பின்னல் போட்டுக்கொண்டு வரும். இவளுக்கு அது நிற்காது. காலையில் போட்டால் மத்தியானத்துக்குள் அவிழ்ந்து, காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துப் புஸ்ஸென்று எழும்பிவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரு திருவாதிரைக் களி நடனத்துக்கு டீச்சர் இவளைப் பாடுகிறவர்களோடு கடைசி வரிசையில் நிறுத்தினார். வீட்டுக்கு வந்து, "அந்த அத்தைப்பாட்டி செத்துப்போகாம இருந்திருந்தா நன்னா இருந்திருக்கும்" என்றாள். நான் அடுக்களைக்குள் போய் எதையோ தேடுகிற மாதிரி நின்றேன்.

செய்ததற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமைகளை அவளுக்குக் கொடுத்தேன். சுருட்டை முடிக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? காய்ந்த முடியில் சீப்பு படக்கூடாது. நனைத்து, கண்டிஷனர் வழிய வழியப் பூசி, விரலாலேயே நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்க வேண்டும். ஆளிவிதையைக் கொதிக்க வைத்துச் சூடாக இருக்கும்போதே வடிகட்ட வேண்டும், ஆறினால் ஜவ்வாகி இறங்காது. அந்தக் கொழகொழப்பைத் தடவி, முடியை உள்ளங்கையில் அள்ளி மேல்நோக்கி அமுக்க வேண்டும். டர்க்கித் துண்டு ஆகாது, மெல்லிய தோர்த்துத் துண்டு போதும். இத்தனையும் தெரிந்தவள், தெரியாதவளாக போனில் வீடியோவை ஓடவிட்டு, "ஓ, இப்படியா பண்ணணும்" என்று நடிப்பேன். ஒருநாள் வீடியோ நடுவிலேயே நின்றுபோய்விட்டது. என் கை நிற்கவில்லை.

"அம்மா, நீ பாக்காமலே பண்றயே?" என்றாள்.

"பழகிடுத்துடீ" என்றேன். அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழவங்காடியில் தேங்காய் வாங்கப் போய் ஸ்கூட்டர் சாவியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பதின்மூன்று வயதானதும் அவள் ஸ்மூத்னிங் கேட்க ஆரம்பித்தாள். நான் முடியாது என்றேன். உன் முடி அழகு, கெமிக்கல் கெடுதி, வேரே போய்விடும் என்று பிரசங்கம் பண்ணினேன். "ஐயோ அம்மா, மதி, போதும்!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். "உனக்கென்ன, நேர்முடி. உனக்கு எப்படித் தெரியும்?" எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கினேன். இவளிடம் சொன்னால் இவள் என்னை மறுபடி நம்புவாளா என்பது ஒன்றுதான் என் கவலை. மாமியார், கணவர், தெரு எல்லாம் அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒரு சனிக்கிழமை மாடியில் தீய்ந்த வாசனை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மேஜையில் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியால் முடியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வலது பக்கம் ஒரு கைப்பிடி கருகிவிட்டது, கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. அழவில்லை. "நீ கூட்டிண்டு போகமாட்டேன்னு சொன்னா நானே பண்ணிப்பேன்" என்றாள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் பிடிவாதம் போய்விட்டது.

ஊரில் எத்தனையோ பார்லர் இருக்கிறது. ஆனால் மகள் தலையில் மருந்து போட அந்தத் தம்பானூர்ப் பார்லர்காரியின் கையைத்தான் நம்பினேன். அவளுக்கு முதல்நாளே போன் செய்து, என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது என்று கெஞ்சினேன். அவள் சிரித்துவிட்டு, "ஷரி சேச்சி" என்றாள்.

மறுநாள் அவள் நடித்தது இருக்கிறதே, நான் பிச்சை வாங்க வேண்டும். "இவிடெ ஆத்யமாயிட்டாணோ?" என்று என்னையே கேட்டாள், இங்கே முதல் தடவையா வருகிறீர்கள் என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். மகளை நாற்காலியில் உட்கார வைத்து, துணி போர்த்தி, கருகியதை வெட்டி, தண்ணீர் தெளித்தாள். நனைந்ததும் சுருள்கள் ஒவ்வொன்றாக மேலேறின. பார்லர்காரி தன்னை மறந்தாள். தொழில் செய்கிறவர்களுக்கு அப்படி ஆகிவிடும் போல.

"சேச்சீடெ அதே முடி தன்னெ!" என்றாள், அக்காவுடைய அதே முடிதான் என்று. இடது காதுக்குப் பின்னால் ஒரு கற்றையைத் தூக்கிக் காட்டி, மற்றதெல்லாம் ஒரு பக்கம் சுருள, இது மட்டும் எதிர்ப்பக்கம் சுருள்கிறது, அம்மாவுக்கும் இங்கேதான், இத்தனை வருஷமாக எனக்கு இது ஒன்றுதான் நேராகாமல் அடம்பிடிக்கும் என்று மலையாளத்தில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாள். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோதுதான் நிறுத்தினாள்.

மகளும் கண்ணாடியில்தான் என்னைப் பார்த்தாள். என் தோளில் கிடந்த முடியைப் பார்த்தாள், வகிட்டைப் பார்த்தாள். போர்த்திய துணியை அவளே அவிழ்த்து நாற்காலியில் போட்டாள்.

"பண்ணிக்கலையா?" என்றேன். என்ன ஒரு கேள்வி!

"உன்னை மாதிரி ஆக வேண்டாம்."

ஆட்டோவில் கிழக்கே கோட்டை வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சிக்னலில் நின்றபோது, "அந்தப் போட்டோல அத்தைப்பாட்டிக்குச் சுருட்டையே கிடையாது. நான் பெரிசு பண்ணிப் பாத்தேன். நீதான் காட்டினேன்னு பாட்டி சொல்லியிருக்கா" என்றாள். "எல்லாரும் தேடினா. நீயும் தேடினே." ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலமே எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். கணவர், "எனக்குத் தெரியுமே" என்றார். கல்யாணமாகி ஆறாம் மாதமே வேரில் தெரிந்ததாம். அப்புறம் ஏன் போட்டோவைப் புரட்டினீர்கள் என்று கத்தினேன். "நீ தேடினே, நானும் தேடினேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். மாமியார் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்போ அந்த டாக்டர் குடுத்த மாத்திரை?" சாப்பிட்டேன் என்றேன். "ரத்தமாவது ஊறியிருக்கும், போ" என்று எழுந்து விளக்கேற்றப் போனார். பதினாறு வருஷம் நான் பயந்தது இவ்வளவுதான். அவர்கள் மன்னிக்க மன்னிக்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. மன்னிக்க வேண்டியவள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் பார்லரில் மருந்து வைத்துக்கொள்ளவில்லை. உச்சியில் சுருட்டையும் கீழே வைக்கோலுமாக எட்டு மாதம் ஆபீஸுக்குப் போனேன். பார்க்கிறவர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். மகள் என்னிடம் பேசினாள், சாப்பாடு, டியூஷன், யூனிஃபாரம் எல்லாம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளிவிதையை அவளே வடிகட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். நான் வெளியே குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன். பின்பக்கம் சரியாக எட்டுகிறதா, காதுக்குப் பின்னால் அந்தக் கற்றையைப் பிரித்தாளா என்று இருக்கும்.

ஒன்பதாம் மாதம் நேராக இருந்த மிச்சத்தையும் வெட்டிவிட்டேன். தோளுக்கு மேல் நின்றது முடி. கண்ணாடியில் பதினைந்து வயதுப் புதர் தெரிந்தது. அது எனக்குப் பிடித்தது, மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்கு வேகமாக நடந்தேன், படியில் கிட்டத்தட்ட ஓடினேன். மகள் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். முன்னால் பார்த்தாள், எழுந்து வந்து பின்னாலும் பார்த்தாள்.

"இது உனக்காகத்தாண்டீ" என்றேன்.

"நன்னாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா இப்ப எதுக்கும்மா? எனக்கு ஆத்துல சுருட்டையோட நான் ஒருத்தியா இருந்து பழகிடுத்து."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பம்பை உள்ளே வைத்துவிட்டு, டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.