கல்யாண ஆல்பங்களில் முதுகு காட்டி நிற்கும் மிஸ்ஸி

மன்னிக்க வேண்டும், நான் இங்கே பதிவு எழுதுகிறவள் இல்லை. லைக் போட்டுவிட்டு ஓடிவிடுவேன். ஆனால் இரத்தோட்டை செல்வமணி மிஸ்ஸி இன்று காலை இறந்துவிட்டார்…

முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி நர்ஸ். லீவு நாளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு வந்து இலவசமாகப் பிரஷர் பார்ப்பார்.

செய்தி கேட்டுப் போனேன். அவருடைய தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெட்டிக்குப் பக்கத்துல வைக்க ஒரு படம் இல்லம்மா. படிச்ச புள்ள நீதான், தேடிக் குடு."

அடையாள அட்டைப் படம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி மிஸ்ஸி முன்பே உத்தரவு போட்டிருக்கிறார். "நான் செத்தா அத மட்டும் வச்சிராத. பாக்க வர்றவங்களுக்குக் காய்ச்சல் வந்துரும்."

யாரைப் பார்த்தாலும் மிஸ்ஸி முதலில் கீழிமையை இழுத்து, உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். வணக்கம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

அவர் தரும் இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டும். எங்கள் லயத்துப் பெண்கள் அதைப் பின்பக்கச் செவ்வரத்தைச் செடிக்குள் எறிந்துவிடுவார்கள்.

ஒருநாள் மிஸ்ஸி அந்தச் செடியைச் சுற்றி வந்து பார்த்தார். "செடிக்கு ரத்தம் நல்லாத்தான் இருக்கு. இப்ப ஒங்க கண்ணக் காட்டுங்க."

அம்மா, சித்தி… ஒருவரையும் காணோம்.

பிறகு என் உயர்தரப் பரீட்சை. சண்டைக் காலம். மாத்தளை டவுனுக்குள் நுழைகிற செக்பாயிண்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.

எனக்கு அடையாள அட்டை இன்னும் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கையில் பள்ளிக்கூடம் தந்த ஒரு கடிதம் மட்டும். சின்ன வயது ராணுவக்காரர் என்னைத் தனியாக நிற்க வைத்தார். பரீட்சைக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

அதே பஸ்ஸில் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த மிஸ்ஸி வெள்ளை யூனிஃபார்மோடு இறங்கி வந்தார். நேரே அந்த ராணுவக்காரரின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் பிடித்துக்கொண்டார்.

"வெளுத்துப் போயிருக்கே மகன்! எந்த ஊரு?"

"நாவுல, மிஸ்ஸி."

"அவ்வளவு கீரை வெளையிற ஊரு. சாப்பிடுறதில்லையா?"

பின்னால் இன்னும் இரண்டு பேர் கண்ணைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். மிஸ்ஸி வாட்சைப் பார்த்தார். "ஒங்கள சாயங்காலம் பாக்குறேன். இந்தப் புள்ளைக்கு இப்ப பரீட்சை."

விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் ஏறியதும் ஒரு தாத்தா, "மிஸ்ஸி, எனக்கும் ஒருக்கா பாருங்களேன்" என்றார்.

"ஒங்களுக்கும் பரீட்சையா? பேசாம ஒக்காருங்க."

சாயங்காலம் அதே இடத்தில் நான்கு பேர் காத்திருந்தார்கள். எல்லோர் கண்ணையும் பார்த்துவிட்டுத்தான் பஸ் புறப்பட்டது.

இன்று இதுவரை பதினோரு கல்யாண ஆல்பம் புரட்டிவிட்டேன். எல்லாவற்றிலும் மிஸ்ஸி இருக்கிறார். மேடையேறி, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணப்பெண்ணின் இமையை இழுத்துக்கொண்டு. கொண்டையும் சேலை சேஃப்டி பின்னும் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன.

என் பட்டமளிப்புப் படமும் அப்படித்தான். கறுப்பு கவுன், மிஸ்ஸியின் முதுகு, பிதுங்கிய என் ஒற்றைக் கண்.

போயிட்டு வாங்க மிஸ்ஸி. மாத்திரையைச் செடிக்குப் போடவில்லை, நானேதான் சாப்பிடுகிறேன்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தங்கை அந்த அடையாள அட்டையை எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிட்டார்… மிஸ்ஸியின் முகம் தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால், கையில் ஊசியோடு இருந்தாலும் பரவாயில்லை, நாளை மூன்று மணி அடக்கத்துக்கு முன் இன்பாக்ஸில் அனுப்புங்கள், ப்ளீஸ்.