சித்தப்பாவை சார் என்று கூப்பிட்ட நாள்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். இந்த வருஷம் மகளைக் கோடைக்கால வகுப்பில் சேர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நீச்சலா, கீபோர்டா, ரோபோ செய்வதா என்று அவளும் அவள் அப்பாவும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கள் சித்தப்பா நடத்திய முகாம் ஞாபகம் வந்தது. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. தொண்ணூறுகளின் கடைசி. விளாங்குடியில் எங்கள் வயலைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு வயலும் ஒரு சின்ன உரக்கடையும் இருந்தன. அப்பாவின் தம்பியான என் சித்தப்பாவுக்கு பி.எஸ்ஸி. பட்டம் மட்டும் இருந்தது. அரசாங்கம் வைத்த பரீட்சை எல்லாவற்றையும் எழுதினார். இடைப்பட்ட நேரத்தில் எங்களோடு பம்பரம் விட்டார்.

அவருக்குப் பெண் தேடிப் போன இடங்களில் எல்லாம் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்ற கேள்வியோடு பேச்சு நின்றுபோனது. கடைசியாக சோழவந்தான் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து சித்தப்பா தினமும் முகச்சவரம் செய்துகொண்டார். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, தகரத்தில் பெயர்ப் பலகை எழுதி மாட்டியதும் அதற்குப் பிறகுதான். கோடைக்காலச் சிறப்புப் பயிற்சி முகாம். ஓவியம், யோகா, அழகிய கையெழுத்து, ஆங்கிலப் பேச்சு, சதுரங்கம். அதன் கீழே, தகுதி வாய்ந்த ஆசிரியர்கள் என்று இருந்தது.

அப்பா பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆசிரியர்கள்னா வேற யாருடா?" என்று கேட்டார்.

"காலைல ஒரு ஆளு, சாயங்காலம் ஒரு ஆளுண்ணே" என்றார் சித்தப்பா. இரண்டும் அவர்தான்.

ஆரம்பத்தில் தெருப்பிள்ளைகள் நன்றாகவே வந்தார்கள். சதுரங்கத்தில் ஒரு யானை தொலைந்துபோய், அதற்குப் பதில் பேனா மூடி நின்றது. யோகா வகுப்பில் கடைசியாகக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்வார். முதலில் தூங்குவது அவர்தான். பிறகு சித்திரைத் திருவிழா வந்தது. திருவிழா முடிந்ததும் பிள்ளைகள் அம்மாச்சி வீடு, அத்தை வீடு என்று கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியது நான், என் தம்பி, எதிர்வீட்டு சௌராஷ்டிரப் பையன் ஒருவன். காசு கொடுத்துப் படித்தவன் அவன் மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்துத் தரகர் வந்தார். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை நடத்தும் வகுப்பை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறாராம். வெள்ளிக்கிழமை வருகிறாராம்.

வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டுப் பையன்கூட அன்று காலைதான் பரமக்குடிக்குப் போயிருந்தான். "ரெண்டு பிள்ளைய உக்கார வச்சு என்ன முகாம் காட்டுறது?" என்றார் அம்மா. அப்பா வாடிப்பட்டியில் இருக்கும் அத்தைக்கு ஆள் அனுப்பினார்.

அத்தை தன் பிள்ளைகளோடு கொழுந்தனார் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டி வந்துவிட்டார். பஸ் விளாங்குடியில் நிற்காது என்று கண்டக்டர் சொன்னதால் ஆரப்பாளையம் பஸ் நிலையம் வரை போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். உச்சி வெயிலில் வாடி வந்த அத்தனை பேரையும் கூடத்தில் உட்கார வைத்து அத்தை ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். "நாளைக்கு ஒருத்தரும் மாமான்னு கூப்பிடக் கூடாது. சித்தப்பாவும் கிடையாது. சார். எங்க, சொல்லுங்க."

சொன்னோம். சித்தப்பா வெட்கப்பட்டு மாடிக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகை நிறைந்திருந்தது. வரிசை நிறைய வேண்டும் என்று, பள்ளிக்கூடமே போகாத அத்தையின் கடைக்குட்டியையும் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். சித்தப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். அம்மாவும் அத்தையும் மாடிப்படியில் மறைவாக நின்றார்கள்.

பெண்ணின் அப்பா தரகரோடு ஏறி வந்தார். உயரமான மனிதர். அடர்ந்த மீசை, தோளில் துண்டு. அவர் தலை தெரிந்ததும் எங்கள் சத்தம் அடங்கிவிட்டது. "நீங்க நடத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆங்கிலப் பேச்சு தொடங்கியது. ஒவ்வொருவராக எழுந்து மை நேம் இஸ் என்று பெயரைச் சொன்னோம். பாதிப் பேர் முடிப்பதற்குள் கடைக்குட்டி நெளிந்தான்.

"மாமா, ஒண்ணுக்கு வருது."

அவன் அக்கா தொடையில் இடித்தாள். "சார்னு சொல்லுடா."

"சார் மாமா, ஒண்ணுக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தப்பா ஒரு நிமிஷம் விருந்தாளியைப் பார்த்தார், ஒரு நிமிஷம் பையனைப் பார்த்தார். பிறகு சாக்பீஸை வாயில் கவ்விக்கொண்டு அவனை அள்ளித் தூக்கிக்கொண்டு மாடியின் மூலைக்கு ஓடினார். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வெள்ளைச் சட்டையின் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பையன் அழத் தொடங்கினான். "அட, சட்டைதானடா, காஞ்சிரும்" என்று அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கேட்டார். "நெக்ஸ்ட்?"

நெக்ஸ்ட் நான். எழுந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அந்தக் கனத்த குரல் வந்தது.

"ஏந்தாயி, உங்க சார் உனக்கு என்ன வேணும்?"

பெரியவர்கள் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. சார் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அத்தையின் கட்டளை. இரண்டையும் மீறாமல் பதில் சொன்னேன்.

"சார் எங்க அப்பாவுக்குத் தம்பிங்க."

அவர் தலையாட்டினார். அடுத்தவளைப் பார்த்தார். அவள் கேட்காமலே எழுந்து, "சார் எங்க அம்மாவுக்கு அண்ணன்" என்றாள். அதற்கடுத்தவன், "சார் எங்க பெரியம்மாவுக்கு அண்ணன்" என்றான். வரிசை முழுக்க இப்படியே எழுந்து எழுந்து உட்கார்ந்தது. ஒருவர்கூட சார் என்பதை விடவில்லை. தரகர் மேலே கீற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அம்புட்டும் சொந்தமா?" என்று கேட்டார் பெரியவர்.

சித்தப்பா பையனை மறு இடுப்புக்கு மாற்றினார். "ஆமாங்கய்யா. காசு குடுத்துப் படிக்கிறவன் ஒருத்தன்தான். அவனும் ஊருக்குப் போயிட்டான்."

பெரியவர் எழுந்து அருகில் வந்தார். பையனை வாங்கிக்கொள்வதுபோல இரண்டு கையையும் நீட்டினார். அவன் அலறிக்கொண்டு சித்தப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தான். அவர் கைகளை இழுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். தொடவே இல்லையே, எதைத் துடைக்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சட்டைய மாத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். கேசரி சாப்பிட்டார். சொல்லிவிடுகிறோம் என்றார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு இல்லை என்றுதான் அர்த்தம். முன்பு வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் தலை மறைந்ததும் அம்மா என் கையைக் கிள்ளினார். "வருஷம் பூரா வாயத் தொறக்காத கழுதைக்கு இன்னைக்குத்தான் பேச்சு வந்துச்சாக்கும்?"

"விடுங்க மதினி. சார்னு சரியாத்தான சொல்லுச்சு" என்றார் சித்தப்பா. சிரித்தார். ஆனால் சட்டையை மாற்றாமல் அப்படியே கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். சரியாகச் சொல்லியும் ஏன் கிள்ளு வாங்கினேன் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனி மாதம் சம்மதம் என்று ஆள் வந்தது. ஜாதகம் அப்படி என்றார் அப்பா. தன் வாய்ச் சாமர்த்தியம் என்றார் தரகர். கேசரி என்றார் அத்தை. கல்யாணத்துக்குப் பிறகு சித்தப்பா ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்.

எனக்கே பிள்ளை பிறந்த பிறகு, ஒருநாள் முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும்போது சித்தி தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். "எங்கய்யா வீட்டுக்குள்ள வந்தா நாங்க பேச்ச நிறுத்திருவோம். ரேடியோவக்கூட அமத்திருவோம். அன்னைக்கு உங்க வீட்டுக்குப் போயிட்டு வந்து, சாப்பிடாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தாக. அம்மா கேட்டதுக்கு, அந்தப் பிள்ளைக அவனுக்குப் பயப்படலன்னாக. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் சொல்லல." சொல்லிவிட்டு எண்ணெயில் வெந்த முறுக்கைத் திருப்பிப் போட்டார்.

சித்தியின் அப்பா வந்துபோன மறுநாள் அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாடிப்பட்டிக்கு பஸ் ஏறினார். வகுப்புக்கு நானும் தம்பியும் மட்டும் போனோம். அன்றைக்கு ஓவியம். ஒரு மாங்காய் வரைந்தோம். நடுவில் மழை வந்ததால் கீழே இறங்கிவிட்டோம்.