தலைகீழாக இறங்கிய லைனர்

கூரை உச்சியில் ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு வேலை பார்ப்பதால் அவருக்குக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழைய புகைபோக்கிக்குள் லைனர் என்கிற எஃகுக் குழாயை இறக்குவதில் கொக்கை மிஞ்ச ஆளில்லை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் அவருடைய தங்கை. அவள் வீட்டுக் கணப்புக்குள்ளேயே புது விறகு அடுப்பு வைக்கும் வேலை வந்தால் மனுஷர் சும்மா இருப்பாரா? ஏணியும் கையுமாகப் போய் நின்றார்.

கோளாறு ஒன்றே ஒன்றுதான். ஐம்பத்தைந்து தாண்டியதும் கிட்டத்து எழுத்து மங்கிவிட்டது. கண்ணாடி வாங்கியாயிற்று. ஆனால் அதை மாட்டிக்கொண்டு தங்கை கணவர் முன்னால் நிற்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை வாயைத் திறந்தாலே கிண்டல்தான். கண்ணாடி வண்டியிலேயே கிடந்தது. இவர் மேலிருந்து லைனரை விட, மாப்பிள்ளை கீழே கயிற்றைப் பிடித்து இழுக்க, ஒன்பது மீட்டரும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மிச்சத்தை அறுத்து, அடுப்போடு இணைத்து, முதல் நெருப்பையும் மூட்டிவிட்டுத்தான் வந்தார். தங்கையின் சின்ன மகள் அடுப்புக்கு எதிரிலேயே படுக்கை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை வண்டியைப் பெருக்கும்போது அந்த அறுத்த துண்டு கையில் அகப்பட்டது. கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். இழுக்கக் கயிறு கோத்த ஓட்டைகள் இருந்த முனைதான் கீழ்முனை. குழாயில் பொடியாக அச்சிட்டிருந்த, மேலே பார்க்க வேண்டிய அம்புக்குறி அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைகீழாக இறங்கிய லைனரின் மடிப்புகளில் விறகுப் புகையின் தார் சேரும், கசியும், ஒருநாள் புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிக்கும்.

சுவருக்குள் போனதை எவன் பார்க்கப் போகிறான் என்று ஒரு நிமிஷம் நினைக்கத்தான் செய்தார். மாப்பிள்ளையின் சிரிப்பை நினைத்தால் உடம்பே கூசியது. ஆனால் அந்தப் படுக்கை கண்முன் வந்ததும் போனை எடுத்துவிட்டார்.

"அடுப்ப மூட்டாதம்மா. லைனரத் தலைகீழா இறக்கிட்டேன். தப்பு என்னோடதுதான்."

கண்ணாடி விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னார். இப்போதே வந்து மாற்றிவிடுவதாகச் சொன்னார். அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. கிண்டலுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணே, நீ எப்பவும் போல வா, சாப்பிட்டுட்டுப் போ. அடுப்பு வேலைக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்கறோம்."

அவருக்குச் சுருக்கென்றது. "மாப்பிள்ளை சொல்லச் சொன்னாராம்மா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. அவரு உன்னையேதான் வரச் சொல்றாரு. எனக்குத்தான் பயமா இருக்கு."