தழும்பு விழாத கை

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சாந்தம்மாள் கொழுந்து கிள்ளினாள். புருஷன் செல்லத்துரைக்கு ஃபாக்டரியில் வேலை. மகள் பேச்சிக்கு மூன்று வயது. சாந்தம்மாளை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. எழுபத்து மூன்றாம் வருஷம், பெரியம்மைக்கு ஊசி குத்த வந்த சங்கையாதான் முதலில் சொன்னார்.

குத்திய இடம் ஒரு வாரத்தில் கொப்புளமாகிப் பழுத்து, பொருக்கு உதிர்ந்து, தழும்பு விழவேண்டும். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் விழுந்தது. சாந்தம்மாளுக்கு லேசாகச் சிவந்து, உடனே மறைந்துவிட்டது. மறுபடி குத்தினார். மறுபடியும் அப்படியே.

காலை மஸ்டரில், பேர் கூப்பிட எல்லோரும் கூடையோடு நிற்கும்போது, சங்கையா அவள் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, சாணியப் பூசி அழிச்சிட்டியா?"

"இல்லீங்கய்யா. தண்ணிகூடப் படவிடல."

"அப்ப ஊசி பொய் சொல்லுதா? உன் ஒருத்தியால லயத்துக்கே சீக்கு வரப்போகுது."

அன்றிலிருந்து குழாயடியில் பெண்கள் அவளைப் பார்த்ததும் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். அவள் தலை குனிந்தே மலை ஏறினாள். அடுத்த முறை பேச்சிக்கும் குத்தினார்கள். பிள்ளையின் கையிலும் ஒன்றும் எழும்பவில்லை.

திங்கட்கிழமை சங்கையா திரும்பவும் பார்க்க வருவதாக இருந்தது. ஞாயிறு மத்தியானம் செல்லத்துரை சந்தைக்குப் போனதும், சாந்தம்மாள் கரண்டிக் காம்பை அடுப்பில் காயவைத்துத் தன் கையில் ஊசி குத்திய இடத்தில் அழுத்தினாள். பிறகு சேலைத் தலைப்பால் பேச்சியின் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் கையிலும்.

எட்ட நின்று பார்த்த சங்கையா, "இப்பத்தான் வழிக்கு வந்திருக்க" என்று போய்விட்டார். ஆனால் பிள்ளையின் கை வீங்கியது. காய்ச்சலும் வந்தது. செல்லத்துரை பேச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சாந்தம்மாள் பின்னால் போனாள்.

டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். "இது அம்மை குத்தின புண் இல்லயே. யாரு சுட்டது?"

செல்லத்துரை மனைவியைப் பார்த்தான்.

"நாந்தாங்க" என்றாள் அவள். தன் கையையும் விலக்கிக் காட்டினாள்.

டாக்டர் திட்டவில்லை. பிள்ளையின் புண் ஆறும்வரை தாயையும் மகளையும் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார். பிறகு புது மருந்தை வரவழைத்து, தானே இருவருக்கும் மற்றக் கையில் குத்திக் கட்டுப்போட்டார். ஒரு வாரம் கழித்து அவிழ்த்தபோது கொப்புளம் எதுவும் எழும்பாமல் இடம் சுத்தமாக இருந்தது. உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டத்தில் வேலை செய்த சாந்தம்மாளின் அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தார். எத்தனையோ தடவை குத்தியும் அவன் கையிலும் தழும்பில்லை. செத்துப்போன அப்பாவுக்கும் அப்படித்தான் என்றான் அவன்.

டாக்டர் சங்கையாவை வரச்சொன்னார். "இவங்க ஒண்ணும் அழிக்கல. சில குடும்பத்து உடம்பு இந்த மருந்துக்குப் பதில் சொல்றதில்ல. பெத்தவங்ககிட்டருந்து பிள்ளைக்கு வருது போலிருக்கு. ஏன்னு எனக்கும் முழுசாத் தெரியாது."

"தெரியாமப் பேசிட்டேன் தாயி" என்றார் சங்கையா. மஸ்டரிலும் எல்லோருக்கும் கேட்கும்படி அதையே சொன்னார். குழாயடியில் பெண்கள் பழையபடி பேசினார்கள்.

செல்லத்துரை மட்டும் ஒருநாள் கேட்டான்: "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

பழி நீங்கியதும் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். குற்றமே இல்லாத பிள்ளையைச் சுட்டது அதன்பிறகுதான் இன்னும் உறுத்தியது.

இரண்டு வருஷத்தில் நாட்டில் பெரியம்மை நின்றுவிட்டது. பேச்சி பள்ளிக்கூடம் போனாள். ஒரு சாயங்காலம் லயத்து வாசலில் பிள்ளைகள் சட்டையைத் தூக்கித் தழும்பு காட்டி விளையாடினார்கள்.

"எனக்குத்தான் பெருசு" என்றாள் பேச்சி. "அம்மை குத்துனது. எங்கம்மாவக் கேளு."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த சாந்தம்மாள் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அடுப்பைப் பார்க்கணும் என்று முனகிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவே இல்லை.